பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த ஃபைபர் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

நாட்டில் 2.14 லட்சத்துக்கும் அதிகமான கிராம ஊராட்சிகள் அதிவேக இணையத்துக்குத் தயார் என்று 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் கணக்கு சொன்னது. அதற்காகப் போடப்பட்ட ஃபைபர் கேபிளின் நீளம் சுமார் 6.9 லட்சம் கிலோமீட்டர். பூமியை நடுக்கோட்டில் பதினேழு தடவை சுற்றி வரலாம், அவ்வளவு நீளம். ஆனால் இன்னமும் ஏராளமான ஊர்களில் ஒரு ஆன்லைன் விண்ணப்பம் போட வேண்டும் என்றால் பிள்ளைகள் சிக்னல் தேடி மொட்டை மாடிக்கும் ஏரிக்கரைக்கும் போகிறார்கள். செய்தியில் வரும் எண்ணையும் கண்ணால் பார்ப்பதையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

இரண்டுமே உண்மை. இதைப் புரிந்துகொள்ள, ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டு போகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் எதைக் கட்டியது, எதை எண்ணியது, எதை யார் பொறுப்பிலும் விடவில்லை என்று பார்க்க வேண்டும். தாமதத்துக்குப் பணப் பற்றாக்குறையையும் தொழில்நுட்பத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை சின்னக் காரணங்கள். பெரிய காரணம், கேபிள் பஞ்சாயத்து கட்டடத்தைத் தொட்டதும் வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேபிளை உயிரோடு வைத்திருப்பதும், அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டு போவதும் பல ஆண்டுகள் யாருடைய முழுநேர வேலையாகவும் இருக்கவில்லை.

அடிப்படை: மூன்று பகுதிகள்

இணையம் ஒரு கிராமத்து வீட்டுக்கு வந்து சேர மூன்று கட்டமாகப் பயணம் செய்கிறது.

1. முதுகெலும்பு. பெருநகரங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் இணைக்கும் பெரிய கேபிள் பாதை. தேசிய நெடுஞ்சாலை மாதிரி. இந்தியாவில் இது ஓரளவு நன்றாகவே இருக்கிறது.

2. நடுப்பகுதி. மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும், அங்கிருந்து ஊராட்சிக்கும் போவது. பாரத்நெட் கட்ட வந்தது முக்கியமாக இதைத்தான்.

3. கடைசிப் பகுதி. ஊராட்சியிலிருந்து வீடு, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவு சங்கம் என்று பிரிந்து போவது. மக்கள் 'நெட் கனெக்‌ஷன்' என்று சொல்வது இந்தத் துண்டை.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வீட்டில் இணையம் இல்லை. நடுப்பகுதி முடிந்ததை 'ஊராட்சி இணைக்கப்பட்டது' என்று அறிவிக்கும்போது, கேட்பவர் மூன்றாவது பகுதியும் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறார். குழப்பத்தின் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

'பிராட்பேண்ட்' என்ற சொல்லும் நிலையானது கிடையாது. இந்தியாவில் 2013-இலிருந்து நொடிக்கு 512 கிலோபிட் வேகம் இருந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். 2023 ஜனவரியில்தான் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட்டாக உயர்ந்தது. அமெரிக்காவில் 2024-இல் அதே சொல்லுக்கான அளவு 100 மெகாபிட்டாக ஆக்கப்பட்டது. ஆகவே 'பிராட்பேண்ட் சந்தாதாரர் இத்தனை கோடி' என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எந்த வேகத்தில் என்று அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இந்தியக் கணக்கில் செல்போன் டேட்டாவும் அதற்குள் அடக்கம்.

தேதிகள் நகர்ந்த கதை

1. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 'தேசிய ஆப்டிகல் ஃபைபர் வலையமைப்பு' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டே ஆண்டுகள். இதை நடத்த 2012 பிப்ரவரியில் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் லிமிடெட் என்ற தனி நிறுவனம், சுருக்கமாக பிபிஎன்எல், உருவானது.

2. அதே ஆண்டு அக்டோபரில் முன்னோட்டம் முடிந்தது. ராஜஸ்தானின் அராய்ன், ஆந்திராவின் பரவாடா, திரிபுராவின் பானிசாகர் ஆகிய மூன்று வட்டாரங்களில் 59 ஊராட்சிகள். முன்னோட்டம் நன்றாகவே நடந்தது. அதைத் தாண்டி 2014 வரை திட்டம் மிகக் கொஞ்சமே நகர்ந்தது.

3. 2015 மார்ச்சில் ஒரு நிபுணர் குழு திட்டத்தையே புரட்டிப் பார்த்து, பாரத்நெட் என்ற பெயரையும் சுமார் 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டையும் கொண்ட அறிக்கை கொடுத்தது.

4. முதல் கட்டமான ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு 2017 ஜூலையிலேயே ஒப்புதல் கிடைத்திருந்தது. இலக்கு 2019 மார்ச். அதுவும் கடந்து போனது.

5. 2020 சுதந்திர தின உரையில், ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் ஃபைபர் என்று பிரதமர் அறிவித்தார். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதத்தில் முடிந்தது.

6. 2021 ஜூனில் 16 மாநிலங்களில் தனியார் கூட்டுடன் செய்வது என்று முடிவானது. அரசு 19,041 கோடி ரூபாய் மானியம் தருவதாகச் சொல்லியும் டெண்டருக்கு யாரும் வரவில்லை.

7. 2022 ஜூலையில் பிபிஎன்எல்-ஐ பிஎஸ்என்எல்லுடன் இணைக்க முடிவு. 2023 ஆகஸ்டில் 'திருத்திய பாரத்நெட்' திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதல்.

20,000 கோடியில் தொடங்கி 1.39 லட்சம் கோடி. செலவு ஏழு மடங்கு ஏறிவிட்டது என்று இதைப் படித்தால் தவறாகிவிடும். முதல் மதிப்பீட்டில் கேபிள் போடுவது மட்டும் இருந்தது. கடைசி மதிப்பீட்டில் பத்து ஆண்டுப் பராமரிப்பு, ஊராட்சியைத் தாண்டிய சுமார் 3.8 லட்சம் கிராமங்கள், வீட்டு இணைப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எதைச் செய்ய வேண்டும் என்று முழுதாகப் புரிய அரசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனது என்பதுதான் இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி.

கண்ணாடி இழைக்குள் என்ன நடக்கிறது

தாமதத்தின் காரணங்களுக்குப் போகும் முன் கேபிளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாக வேண்டும். இது தெரியாவிட்டால் பராமரிப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது.

ஃபைபர் என்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. மேல்பூச்சை நீக்கினால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனம்தான். ஒளி போகும் மையம் அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. வட்டாரத் தலைநகரில் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி என்ற பெட்டி ஒளியை அனுப்பும். ஊராட்சி அலுவலகத்தில் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டி அதை வாங்கிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. ஸ்ப்ளிட்டர் என்ற கண்ணாடிப் பிரிப்பான், ஒரே இழையில் வரும் ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும். ஜிபான் என்ற இந்த முறையில் ஓஎல்டி பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கிளம்பும். கிளைகள் எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒளி போகப் போக மங்கும். அந்த மங்கலை டெசிபலில் அளப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒருவகை ஜிபான் கருவிக்கு 28 டெசிபல் வரை மங்கல் தாங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

1. 15 கி.மீ. கேபிள், கி.மீ.-க்கு 0.35 வீதம்: 5.25
2. 32 கிளைகளாகப் பிரிப்பதில்: சுமார் 17.5
3. கேபிள் டிரம் 2 கி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் வழியில் சுமார் எட்டு ஜாயின்ட், ஒன்றுக்கு 0.1 வீதம்: 0.8
4. இரு முனைகளிலும் உள்ள கனெக்டர்கள்: சுமார் 2

மொத்தம் 25.5-ஐத் தாண்டிவிட்டது. கையிருப்பு இரண்டரை டெசிபல்கூட இல்லை.

இப்போது ரோடு போடும் ஜேசிபி ஓரிடத்தில் கேபிளை அறுத்துவிட்டது. ஓடிடிஆர் என்ற கருவியை ஒரு முனையில் மாட்டினால், ஒளி எங்கே திரும்பி வருகிறது என்பதை வைத்து அறுந்த இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லிவிடும். இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் போய், பள்ளம் தோண்டி, சேற்றிலிருந்து கேபிளை எடுத்து, உறை நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒவ்வோர் இழையையும் நறுக்கி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். 24 இழை கேபிள் என்றால் 24 தடவை. இழுத்து ஒட்ட நீளம் போதாது என்றால் நடுவில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். அப்போது ஓர் அறுப்புக்கு இரண்டு ஜாயின்ட். நிதானமாகச் செய்தால் ஒரு ஜாயின்டில் 0.1-க்குள் முடியும். மழையில், அந்தி நேரத்தில், அவசரத்தில் செய்தால் 0.5 ஆகும். அப்படி மூன்று முறை அறுந்தால் கையிருப்பு காலி. பெட்டியில் விளக்கு சிவப்பாகிவிடும். கேபிள் அறுபடவில்லை, எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் நெட் இல்லை. கிராமங்களில் 'லைன் இருக்கு, வேலை செய்யல' என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

தாமதம் எங்கெல்லாம் நுழைந்தது

1. பழைய கேபிளை நம்பியது. 2011-இல் செலவு குறைவாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிஎஸ்என்எல், ரெயில்டெல், பவர்கிரிட் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களிடம் ஏற்கெனவே கேபிள் இருந்தது. வட்டாரத்திலிருந்து பாதித் தூரம் அவர்களுடைய பழைய கேபிளில் போய், மீதிக்கு மட்டும் புதுக் கேபிள் போடுவது என்பது திட்டம். காகிதத்தில் இது நல்ல சிக்கனம். களத்தில் பழைய கேபிளின் வரைபடம் சரியாக இல்லை, பல இழைகள் ஏற்கெனவே பயனில் இருந்தன, சில இடங்களில் தரம் தேய்ந்திருந்தது. புதுக் கேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தொங்குவது பழைய கேபிளின் நுனியில். அடிப்பகுதி அறுந்தால் புதிதாக இணைத்த ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்தே இருண்டன.

2. ஒற்றைக் கோட்டில் கட்டியது. முதல் கட்டத்தில் பாதை மரக்கிளை மாதிரி அமைந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே வழி. வழியில் எங்கே அறுந்தாலும் அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு மாற்று வழி கிடையாது. வளையமாகக் கட்டியிருந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு சுற்றி வரும். வளையத்துக்குக் கேபிள் அதிகம் வேண்டும், ஆகவே செலவும் அதிகம். அன்று மிச்சம் பிடித்ததை இன்று திருத்திய திட்டத்தில் மறுபடி செலவு செய்கிறோம். தாமதங்களிலேயே மனதை அதிகம் உறுத்துவது இது. வளையம் என்பது புதுக் கண்டுபிடிப்பு கிடையாது, தொலைத்தொடர்பு பொறியாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த பாடம்.

3. வழி அனுமதி. ஒரு வட்டாரத்திலிருந்து ஊராட்சிக்குக் கேபிள் போகும் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் மாநில நெடுஞ்சாலை, ஊராட்சி சாலை, ரயில்வே கேட், வனத்துறை நிலம், வாய்க்கால் பாலம் எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனி விண்ணப்பம், தனி வைப்புத்தொகை. 2016-இல் வந்த விதிகள் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தன. ஆனால் நிலமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் கையில். மத்திய விதியை ஏற்றுத் தங்கள் ஆணைகளை மாற்றிக்கொள்ள ஒவ்வொரு மாநிலமும் தன் வேகத்தில்தான் வந்தது. 2022-இல் கதிசக்தி சஞ்சார் என்ற ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கும் வசதி தொடங்கியது. 2025 ஜனவரி முதல் புதிய வழியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. திட்டம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு அப்புறம்.

4. மின்சாரம். ஊராட்சி அலுவலகத்தில் உள்ள பெட்டிக்கு கரன்ட் வேண்டும். பேட்டரி சில ஆண்டுகளில் சாகும். மாற்றுவது யார்? மின்கட்டணம் யார் கட்டுவது? சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும் ஊழியர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், அந்த ஊருக்கான கோடிக்கணக்கான ரூபாய் வலையமைப்பு மறுநாள் காலை வரை இல்லை. இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு பெரிய திட்டத்தை நிறுத்த முடியும்.

5. பராமரிப்பு. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் முறை ஃபைபர் கேபிள்கள் அறுபடுகின்றன, சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் ஆகிறது என்பது தொலைத்தொடர்புத் துறையே சொன்ன கணக்கு. அதனால்தான் தோண்டும் முன் தெரிவிக்கச் சொல்லும் ஒரு செயலியை 2023 மார்ச்சில் வெளியிட்டார்கள். குடிநீர்க் குழாய் பதிப்பவர், ரோடு அகலப்படுத்துபவர், கேபிள் போட்டவர் மூவருமே அரசு ஒப்பந்ததாரர்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் அறுக்கிறார். கேபிள் போட்டவருக்குப் போட்டு முடித்த நீளத்துக்குப் பணம். அறுந்ததை நாலு மணி நேரத்தில் ஒட்டிக் கொடுப்பதற்குப் பணம் தரும் ஒப்பந்தம் பல இடங்களில் இல்லவே இல்லை.

'சர்வீஸ் ரெடி' என்ற இரண்டு சொற்கள்

அரசுக் கணக்கில் ஓர் ஊராட்சி 'சர்வீஸ் ரெடி' என்றால், கேபிள் வந்து, பெட்டி மாட்டி, ஒரு நாளில் சோதித்தபோது விளக்கு எரிந்தது என்று அர்த்தம். இன்று எரிகிறதா, எரிந்தாலும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்பது வேறு இரண்டு கேள்விகள்.

தொடக்கத்தில் சொன்ன 2.14 லட்சம் ஊராட்சிகளுக்குப் பக்கத்தில் அதே காலத்தின் இன்னொரு அரசுக் கணக்கை வைக்கலாம். இந்த வலையமைப்பிலிருந்து வீடுகளுக்குக் கொடுத்த ஃபைபர் இணைப்புகள் சுமார் 12 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு இணைப்புகூட வரவில்லை. ஓர் ஊராட்சியில் பல நூறு வீடுகள், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் கடைசியில் ஊருக்கு ஆறு வீடு என்ற இடத்தில் நிற்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வைஃபை ஹாட்ஸ்பாட்களும் வைக்கப்பட்டன. ஆனால் அவை மேலே சொன்ன அதே மின்சாரத்தையும் அதே கேபிளையும் நம்பி இருப்பவை.

இதை யாருடைய கெட்ட எண்ணமாகவும் பார்க்க வேண்டியதில்லை. எந்த எண்ணை மாதாமாதம் மேலே அனுப்பச் சொல்கிறார்களோ, அந்த எண்தான் வளரும். கிலோமீட்டரும் ஊராட்சி எண்ணிக்கையும் கேட்கப்பட்டன, அவை வளர்ந்தன. 'சென்ற மாதம் எத்தனை மணி நேரம் லைன் உயிரோடு இருந்தது' என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை.

தனியார் நிறுவனங்கள் ஏன் வரவில்லை?

காரணம் தூரம். நகரத்தில் ஒரு கிலோமீட்டர் தெருவில் 200 வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 5 மீட்டர் கேபிள். கிராமத்தில் 3 கி.மீ. தள்ளி 60 வீடு உள்ள ஒரு குக்கிராமம் என்றால் வீட்டுக்கு 50 மீட்டர். பத்து மடங்கு. நகரத்தில் பாதி வீடு சேரும், கிராமத்தில் பத்தில் ஒரு வீடு சேரும் என்றால் வித்தியாசம் ஐம்பது மடங்கு. மாதக் கட்டணத்தை ஐம்பது மடங்கு வைக்க முடியாது.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஒரு நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட வருவாயில் (சில கழிவுகள் போக எஞ்சுவதில்) 5 சதவீதத்தை இதற்காகக் கட்டுகின்றன. அனைவருக்குமான சேவை நிதி என்று இருபது ஆண்டுக்கும் மேல் இருந்தது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியது. அதில் பெரும்தொகை பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. அதனால்தான் பணப் பற்றாக்குறை முதல் காரணம் ஆக முடியாது என்று மேலே சொன்னேன்.

2021 டெண்டரில் மானியம் இருந்தும் ஏன் ஆள் வரவில்லை? டெண்டர் எடுப்பவர் ஏற்கெனவே போட்ட கேபிளையும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். அதன் உண்மையான நிலை என்ன என்று தெளிவாகத் தெரியாது. கிராமத்தில் எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்பதும் தெரியாது. செல்போன் டேட்டா விலை உலகிலேயே மலிவான நாடுகளில் இந்தியா ஒன்று. அதோடு போட்டி போட வேண்டும். நீண்ட கால ரிஸ்க் முழுவதும் தன் தலையில் விழும் இடத்தில் எந்த நிறுவனமும் தயங்கும்.

தமிழ்நாட்டில்

இரண்டாம் கட்டத்தில் சில மாநிலங்கள் 'நாங்களே செய்துகொள்கிறோம்' என்று முன்வந்தன. தமிழ்நாடு அதில் ஒன்று. 12,525 ஊராட்சிகளை இணைக்கத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், சுருக்கமாக டான்ஃபிநெட், அமைக்கப்பட்டது. டெண்டர் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்ற புகாரைத் தொடர்ந்து, 2020 ஜூனில் மத்திய அரசு அந்த டெண்டரை ரத்து செய்து மறுபடி விடச் சொன்னது. களப்பணி 2022-இல்தான் தொடங்கியது. மத்திய திட்டத்தின் முதல் இலக்கு ஆண்டு 2013 என்பதை நினைவில் வைத்தால், இங்கே முதல் கேபிள் போடும்போதே ஒன்பது ஆண்டு பின்தங்கியிருந்தோம்.

தமிழ்நாட்டில் கேபிளின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகாமல் மின்கம்பங்கள் வழியாக வான்வழியே போகிறது. இதற்கு நல்ல பக்கம் உண்டு. பள்ளம் தோண்டும் செலவும் சாலை அனுமதியும் பெருமளவு குறையும், அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். கெட்ட பக்கம் புயல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றில் ஃபைபர் தொங்கியிருந்தால், கரன்ட் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் இணையம் திரும்பியிருக்காது. கடலோர மாவட்டங்களில் கம்பத்தையும் கேபிளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மின்வாரியம் கம்பம் மாற்றும் நாளில் கேபிள்காரருக்கும் தகவல் போக வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஒரு போன் கால் போகிறதா என்பதில் ஒரு ஊரின் இணையம் தொங்குகிறது.

செல்போனும் செயற்கைக்கோளும் போதாதா?

4ஜி, 5ஜி வந்துவிட்டதே, ஃபைபர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் செல்போன் டவரும் நல்ல வேகம் தர வேண்டும் என்றால் பின்பக்கம் ஃபைபரில் இணைந்திருக்க வேண்டும். ஃபைபர் போகாத டவர்கள் ரேடியோ அலையில் தரவு அனுப்பும் மைக்ரோவேவ் தட்டுகளை நம்பியிருக்கும், அவற்றின் கொள்ளளவு குறைவு. சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது, திரையில் '5ஜி' என்று காட்டினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊராட்சிக்கு ஃபைபர் வந்தால் டவருக்கும் அதே ஃபைபரைக் கொடுக்கலாம்.

செயற்கைக்கோளில் இரண்டு வகை. 35,786 கி.மீ. உயரத்தில் நிலையாகத் தெரிவதில் தரவு போய்த் திரும்பவே அரை நொடிக்கு மேல் ஆகும், வீடியோ அழைப்பில் பேச்சு முட்டிக்கொள்ளும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் புது வகையில் அந்தத் தொல்லை இல்லை. இந்த வகைச் சேவை தரும் ஸ்டார்லிங்குக்கு இந்திய உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. மலைக்கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் இது உண்மையிலேயே வரம். நெருக்கமாக வீடுகள் உள்ள சமவெளி ஊர்களில் ஒரே வானப்பரப்பின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட வேண்டியிருப்பதால் ஃபைபருக்கு ஈடாகாது.

மற்ற நாடுகளிலும்

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. ஆஸ்திரேலியா 2009-இல் பெரும்பாலான வீடுகளுக்கு நேரடி ஃபைபர் என்று தொடங்கி, 2013-இல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கப் பழைய செம்புக் கம்பியையும் கலந்தது. பிறகு அதே இடங்களில் மறுபடி ஃபைபர் போட வேண்டி வந்தது. அமெரிக்கா இணைய இணைப்புக்காக 2021 நவம்பரில் 42.45 பில்லியன் டாலர் ஒதுக்கியது. எந்த வீட்டில் இணைப்பு இல்லை என்ற வரைபடத்தைச் சரிசெய்வதிலும் மாநிலத் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுப்பதிலுமே மூன்று ஆண்டுகள் போயின. அதுவரை அந்தப் பணத்தில் ஒரு வீடும் இணையவில்லை. ஒன்றில் கேபிளில் சிக்கனம், இன்னொன்றில் காகித வேலை. நம்மிடம் இரண்டும் இருந்தன.

திருத்திய திட்டத்தில் என்ன மாறியிருக்கிறது?

1. ஒற்றைக் கோட்டுக்குப் பதில் வளையம். பழைய ஊராட்சிகளும் வளையத்துக்குள் கொண்டுவரப்படும்.

2. போடுவதும் பத்து ஆண்டு பராமரிப்பதும் ஒரே ஒப்பந்தத்துக்குள். போட்டவரே ஒட்ட வேண்டும். இதுவரை இருந்த ஓட்டைகளில் பெரிய ஓட்டையை அடைக்கும் மாற்றம் இதுதான்.

3. ஐந்து ஆண்டில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்ற இலக்கு. முதல்முறையாக மூன்றாவது பகுதிக்கும் ஓர் எண் வந்திருக்கிறது. உள்ளூர் இளைஞர்களையும் கேபிள் ஆபரேட்டர்களையும் வருவாய்ப் பங்கோடு சேர்த்து இதைச் செய்வது திட்டம். ஊரிலேயே இருப்பவரிடம் லைன் பொறுப்பு இருந்தால் புகாருக்குப் பதில் சொல்ல ஒரு முகம் இருக்கும்.

12 லட்சத்திலிருந்து 1.5 கோடி என்பது பன்னிரண்டு மடங்கு தாவல். நடக்குமா என்பதைக் கேபிள் நீளத்தை வைத்துக் கணிக்க முடியாது. உங்கள் ஊராட்சியிலும் இந்தக் கேபிள் வந்திருந்தால், அடுத்த கிராம சபையில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவை நான்கு:

1. நம் ஊராட்சியின் பெட்டி கடந்த 30 நாளில் எத்தனை நாள் இயங்கியது?
2. அதற்கான மின்கட்டணமும் பேட்டரியும் யார் பொறுப்பு?
3. கேபிள் அறுந்தால் எந்த எண்ணில், யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்தில் சரியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது?
4. இந்த லைனிலிருந்து பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் இதுவரை எத்தனை இணைப்பு கொடுத்திருக்கிறார்கள்?

கிராம சபைத் தீர்மானம் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறும், அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகும். பதில் வராவிட்டால் அதே நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.